ஆடுகளத்திற்கு வெளியே நின்றவர்

நுழையும்முன்

விளையாட்டில் வென்ற வீரரின் பெயரை உலகம் உடனே அறிந்துகொள்கிறது. அவரை எந்த நொடியில் களத்தில் இறக்குவது, எந்த நொடியில் திரும்ப அழைப்பது என்று முடிவு செய்தவர் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகிறார். வட அமெரிக்காவின் பனி வளைகோற்பந்து உலகில் முப்பது ஆட்டப்பருவங்கள் அந்தப் பொறுப்பை வகித்த கனடா நாட்டுப் பயிற்றுநர் ஸ்காட்டி போமன். அவருடைய பணிவாழ்க்கையை அறிந்துகொள்வோம்.

பனித்தளத்தின் இலக்கணம்

வளைகோற்பந்தைப் புல்தரையிலோ செயற்கைத் தரையிலோ ஆடக் காண்பதே நமக்குப் பழக்கம். குளிர்காலத்தில் ஏரிகளும் ஆறுகளும் உறைந்து கிடக்கும் கனடாவில் பனிக்கட்டியின்மேல் ஆடும் ஐஸ் ஹாக்கி என்னும் ஆட்டம் மக்களின் உயிர்மூச்சாக விளங்குகிறது. இதனைத் தமிழில் பனி வளைகோற்பந்து எனலாம். பெயரில் பந்து இருந்தாலும் ஆட்டத்தில் பந்து இல்லை. மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலத் தடிமனும் கொண்ட கெட்டியான ரப்பர் வட்டு ஒன்றே அதன் இடத்தில் உள்ளது. இலக்குக் காவலர் உட்பட ஓர் அணிக்கு ஆறு பேர், எஃகுத் தகடு பொருத்திய சறுக்குக் காலணிகளுடன் களத்தில் இருப்பர். இருபது நிமிடங்கள் வீதம் மூன்று பகுதிகளாக ஆட்டம் நடைபெறும்.

இவ்வாட்டத்தில் பயிற்றுநரின் இடம் ஏனைய விளையாட்டுகளில் இருப்பதைப் போன்றதன்று. கால்பந்துப் போட்டியில் மாற்றப்பட்டு வெளியேறிய வீரர் அதே போட்டியில் மீண்டும் களமிறங்க இயலாது. பனித்தளத்திலோ ஒரு வீரர் முழு வேகத்தில் ஆடக்கூடிய காலம் ஏறத்தாழ நாற்பது, ஐம்பது நொடிகளே. அதற்குள் களைத்துவிடுவார். எனவே ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு குழு வெளியேற, மற்றொரு குழு தடுப்பைத் தாண்டி உள்ளே பாய்கிறது. வீரர்களின் இருக்கைக்குப் பின்னால் நிற்கும் பயிற்றுநர், அடுத்து யார் செல்ல வேண்டும் என்பதை ஒரே போட்டியில் நூறு முறைக்கு மேல் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஆட்டம் நிறுத்தப்பட்டு மீண்டும் தொடங்கும்போது, எதிரணி யாரை இறக்குகிறது என்று பார்த்த பின்னரே தம் வீரர்களை இறக்கும் உரிமை சொந்தக் களத்து அணிக்கு உண்டு. இந்தச் சிறிய உரிமையைப் போமன் அளவுக்கு நுட்பமாகப் பயன்படுத்தியவர் அரியர். எதிரணியின் சிறந்த வீரருக்கு எதிராகத் தம் அணியின் சிறந்த தடுப்பாளரை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுவார். களத்தில் உள்ளவர்களையும் அடுத்து வரவிருப்பவர்களையும் கடிகாரத்தையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருக்கும் ஆற்றல் அவருக்கு இருந்தது.

உடைந்த மண்டையோடு

வில்லியம் ஸ்காட் போமன் 1933ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் கியூபெக் மாநிலத்தின் மான்ட்ரியலை அடுத்த வெர்டனில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர்கள். தந்தை கொல்லர். ஆங்கிலமும் பிரெஞ்சும் ஒருங்கே ஒலித்த அந்நகரில் இரு மொழிகளோடும் வளர்ந்த சிறுவர்கள் அனைவருக்கும் இருந்த கனவுதான் போமனுக்கும் இருந்தது. மான்ட்ரியல் கனடியன்ஸ் அணியின் சட்டையை அணிய வேண்டும் என்பதே அக்கனவு.

இளையோர் அணியில் ஆடிக்கொண்டிருந்தபோது, 1952ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடந்த ஒரு போட்டியில் அக்கனவு முடிவுக்கு வந்தது. எதிரணியின் ஜான் கீ டால்போ என்ற இளைஞரின் வளைகோல் போமனின் தலையைத் தாக்கியது. அக்காலத்தில் வீரர்கள் தலைக்கவசம் அணிவதில்லை. மண்டையோடு உடைந்தது. அப்போது அவருக்கு வயது 18. காயம் ஆறிய பின்னும் பழைய ஆட்டம் திரும்பவில்லை. அடித்தவரோ பின்னாளில் அதே கனடியன்ஸ் அணியில் இடம்பெற்று, ஸ்டான்லி கோப்பையை ஏழுமுறை வென்ற குழுக்களில் ஒருவரானார். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் செயின்ட் லூயிஸ் அணிக்குப் போமன் பயிற்றுநரானபோது, அவ்வணிக்கு வந்து சேர்ந்த மூத்த தடுப்பாட்டக்காரர் இதே டால்போ. போமன் அவரைத் தொடர்ந்து களமிறக்கினார். பழைய காயத்துக்குக் கணக்குத் தீர்க்கும் இடமாகத் தம் பதவியை அவர் கருதவில்லை. பின்னாளில் கடுமையானவர், இரக்கமற்றவர் என்றெல்லாம் ஏசப்பட்ட ஒருவரைப் பற்றி அறியும்போது இச்செய்தியையும் உடன்வைத்து எண்ணுதல் தகும்.

ஆட்டம் நின்ற பின் போமன் ஒரு வண்ணப்பூச்சு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மாலை வேளைகளில் சிறுவர் அணிகளுக்குப் பயிற்சி அளித்தார். நண்பகல் உணவு இடைவேளையில் அருகிலிருந்த ஃபோரம் அரங்குக்குச் சென்று, கனடியன்ஸ் அணியின் பயிற்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அன்று அவ்வணியின் பயிற்றுநராக இருந்தவர், பின்னர் எட்டு ஸ்டான்லி கோப்பைகளை வென்றவர் என்ற பெருமையைப் பெற்ற டோ பிளேக். யாரும் கேட்காமல், எந்தக் கூலியும் இன்றி, ஒரு பெரிய ஆசானின் வேலையை ஓரத்தில் அமர்ந்து கவனித்த அந்த நண்பகல்களே போமனுக்குப் பள்ளிக்கூடமாயின.

1956இல் சாம் பொல்லாக் என்னும் நிருவாகி இளையோர் அணியில் தமக்கு உதவியாளராக அவரை அழைத்துக்கொண்டார். இரண்டு ஆண்டுகளில் அவ்வணி கனடாவின் இளையோருக்கான மெமோரியல் கோப்பையை வென்றது. அதன்பின் வேறு இளையோர் அணிக்குப் பயிற்றுநர், கிழக்குக் கனடாவின் சிற்றூர்களில் திறமையான சிறுவர்களைத் தேடி அலையும் பணி, மீண்டும் பயிற்றுநர் என்று பத்தாண்டுகள் கழிந்தன. புகழில்லாத ஆண்டுகள் இவை. ஆயினும் ஒரு வீரர் இன்று எப்படி ஆடுகிறார் என்பதோடு, ஐந்து ஆண்டுகளுக்குப் பின் எப்படி ஆடுவார் என்றும் கணிக்கும் கண் அவருக்கு அப்போதுதான் வாய்த்தது.

மூத்தோர் அணி

தேசிய ஹாக்கி லீக் எனப்படும் தொழில்முறைப் போட்டி அமைப்பில் நெடுங்காலம் ஆறு அணிகளே இருந்தன. 1967இல் அவ்வெண்ணிக்கை ஒரே ஆண்டில் பன்னிரண்டானது. புதிய ஆறு அணிகளுக்கும் பழைய அணிகள் விட்டுக்கொடுத்த வீரர்களே கிடைத்தனர். அவற்றுள் ஒன்றான செயின்ட் லூயிஸ் புளூஸ் அணியில் உதவிப் பயிற்றுநராக இருந்த போமன், முதல் பருவம் தொடங்கிய சில வாரங்களிலேயே தலைமைப் பயிற்றுநரானார். வயது 34.

அவர் வாய்ப்பளித்தவர்களில் பலர் அவரைவிட மூத்தவர்கள். இலக்குக் காவலர் கிளென் ஹாலுக்கு வயது 36. ஓய்வு பெற்றிருந்த டிக்கி மூர் மீண்டும் ஆட வந்தார். தம் காலத்தின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர் எனப் போற்றப்பட்ட டக் ஹார்வி, நாற்பதைக் கடந்த பின் அவ்வணியில் இணைந்தார். மறு ஆண்டு ஜாக் பிளான்ட் என்ற மற்றொரு முதிய இலக்குக் காவலரும் வந்து சேர்ந்தார். தொழில்முறை ஆட்டத்தில் இலக்குக் காவலருக்கான முகமூடியை நிலைபெறச் செய்தவர் இவரே. முடிந்துபோனவர்கள் என்று ஒதுக்கப்பட்டோரிடம் இன்னும் என்ன எஞ்சியிருக்கிறது என்பதைப் போமன் பார்த்தார். வேகம் குறைந்திருந்தது, ஆட்டத்தை முன்னுணரும் அறிவு குறையவில்லை.

புளூஸ் அணி முதல் மூன்று பருவங்களிலும் இறுதிச் சுற்றுக்குச் சென்றது. ஏழு ஆட்டங்களில் நான்கை முதலில் வெல்பவருக்கே கோப்பை. மூன்று இறுதிச் சுற்றுகளிலும் சேர்த்து அவ்வணி ஆடிய ஆட்டங்கள் பன்னிரண்டு, பன்னிரண்டிலும் தோல்வி. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இது அவமானமாகத் தோன்றலாம். 1968இல் கனடியன்ஸ் அணியிடம் தோற்ற நான்கு ஆட்டங்களிலும் வேறுபாடு ஒரே ஒரு கோல்தான். அவற்றுள் இரண்டு கூடுதல் நேரத்தில் முடிவானவை. தோற்ற அணியைச் சேர்ந்த கிளென் ஹாலுக்கே அவ்வாண்டின் இறுதிக்கட்டச் சுற்றுகளின் சிறந்த வீரர் விருது வழங்கப்பட்டது. அந்த அணியின் தலைவராக விளங்கிய அல் ஆர்பர் பின்னாளில் தாமும் பயிற்றுநராகி, நியூயார்க் ஐலண்டர்ஸ் அணிக்குத் தொடர்ந்து நான்கு கோப்பைகளைப் பெற்றுத் தந்தார்.

தெரிந்து தெளிவோம்

கனடாவின் ஆளுநராக இருந்த ஸ்டான்லி பிரபு 1892இல் வழங்கிய வெள்ளிக் கிண்ணமே ஸ்டான்லி கோப்பை. 1893 முதல் இக்கோப்பை வழங்கப்பட்டு வருகிறது. வென்ற அணியின் வீரர்கள், பயிற்றுநர், நிருவாகிகள் ஆகியோரின் பெயர்கள் கோப்பையின் மீதே பொறிக்கப்படுவது இதன் தனிச்சிறப்பு.

மான்ட்ரியலின் பொற்காலம்

உரிமையாளர்களோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 1971இல் செயின்ட் லூயிஸை விட்டு வெளியேறிய போமனை, சாம் பொல்லாக் மான்ட்ரியல் கனடியன்ஸுக்கு அழைத்தார். ஓரத்தில் அமர்ந்து பார்த்த அணிக்கே அவர் தலைமைப் பயிற்றுநரானார். எட்டு ஆண்டுகளில் ஐந்து கோப்பைகள் கிடைத்தன: 1973இல் ஒன்று, பின்னர் 1976 முதல் 1979 வரை தொடர்ந்து நான்கு.

அக்காலத்தில் பிலடெல்ஃபியா ஃபிளையர்ஸ் அணி முரட்டுத்தனத்தாலும் கைகலப்பாலும் எதிரணிகளை அச்சுறுத்தி, 1974இலும் 1975இலும் கோப்பையை வென்றிருந்தது. இனி இவ்வழியே வெற்றிக்கு வழி என்று பலர் எண்ணத் தொடங்கினர். 1976இன் இறுதிச் சுற்றில் போமனின் அணி வேகத்தாலும் ஒழுங்காலும் அவர்களை நான்கு ஆட்டங்களிலும் தோற்கடித்தது. அடுத்த பருவத்தில் ஆடிய 80 ஆட்டங்களில் 60 வெற்றி, 12 சமன், 8 தோல்வி. சொந்தக் களத்தில் தோற்றது ஒரே ஒருமுறை. கீ லஃப்ளூர், கென் டிரைடன், லாரி ராபின்சன், பாப் கெய்னி என்று அவ்வணியில் பெரும்புகழ் வீரர்கள் நிறைந்திருந்தனர் என்பது உண்மையே. அத்தகைய அணியை யாரும் வெல்ல வைத்திருக்கலாம் என்று அப்போதும் சிலர் கூறினர். எளிதில் வெல்லும் அணி எளிதில் சோம்பலுறும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. எட்டுத் தோல்விகளோடு ஒரு பருவத்தை முடித்த வீரர்களை, மறுநாள் காலையிலும் பதற்றத்தோடு பயிற்சிக்கு வரச் செய்வதே அங்குப் பயிற்றுநரின் வேலையாக இருந்தது.

அதற்காக அவர் தம்மை விரும்பத்தகாதவராக ஆக்கிக்கொண்டார். யாருக்கும் தம் இடம் உறுதி என்ற எண்ணத்தை அவர் தரவில்லை. நன்றாக ஆடியவரைக்கூட மறுநாள் வெளியில் அமர வைப்பார், காரணமும் சொல்லமாட்டார். அவ்வணியின் முன்கள வீரர் ஸ்டீவ் ஷட், ஆண்டில் 364 நாள்கள் அவரை வெறுத்ததாகவும் 365ஆம் நாளில் கோப்பைக்கான மோதிரத்தைப் பெற்றுக்கொண்டதாகவும் கூறியது அவ்விளையாட்டு உலகில் இன்றும் நினைவுகூரப்படுகிறது. அக்கூற்றில் நகைச்சுவை உண்டு, வலியும் உண்டு. இளம் மனங்களை அச்சத்தில் வைத்து வெற்றி பெறுவது முறையா என்ற வினாவைப் போமனின் வாழ்க்கை எழுப்பாமல் இல்லை. அதற்கு அவருடைய பிற்காலமே ஓரளவு விடை தருகிறது.

வெற்றி வராத ஆண்டுகள்

பொல்லாக் 1978இல் பதவி விலகியபோது அவருடைய இடம் தமக்கு வரும் எனப் போமன் எதிர்பார்த்தார். அது வேறொருவருக்குச் சென்றது. மறு ஆண்டே அவர் பஃபலோ சேபர்ஸ் அணிக்குச் சென்று, நிருவாகி, பயிற்றுநர் என்னும் இரு பொறுப்புகளையும் ஏற்றார். வீரர்களைத் தேர்வு செய்பவரும் அவரே, ஆட்டுவிப்பவரும் அவரே. முழு அதிகாரம் இருந்தும் ஏழு ஆண்டுகளில் ஒருமுறைகூட அவ்வணி இறுதிச் சுற்றை எட்டவில்லை. 1986 டிசம்பரில் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஐந்து கோப்பைகளை வென்ற 53 வயது மனிதர், தொலைக்காட்சியில் பிறர் ஆட்டத்தை விளக்குபவராக மாறினார்.

1990இல் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் அணி அவரை வீரர் மேம்பாட்டுப் பொறுப்பில் அமர்த்தியது. அவ்வணியின் பயிற்றுநர் பாப் ஜான்சன் எப்போதும் மலர்ந்த முகத்தோடு வீரர்களை ஊக்குவிப்பவர். போமனுக்கு நேர் எதிரான இயல்பினர். 1991இல் முதன்முறையாகக் கோப்பையைப் பெற்றுத் தந்த அவருக்கு, அவ்வாண்டு ஆகஸ்டில் மூளைக்கட்டி இருப்பது தெரியவந்தது. நவம்பரில் அவர் மறைந்தார். அன்பானவரை இழந்து வாடிய வீரர்களின் நடுவே, அஞ்சத்தக்கவர் எனப் பெயர்பெற்ற போமன் அவ்விடத்தில் நிற்க நேர்ந்தது.

வீரர்கள் அவரை ஏற்கவில்லை. முறையீடுகள் எழுந்தன. மான்ட்ரியலில் இருந்த போமனாயின் அணியைத்தான் மாற்றியிருப்பார். இங்கு அவர் தம்மை மாற்றிக்கொண்டார். அன்றாடப் பயிற்சியைத் துணைப் பயிற்றுநர்களிடம் விட்டுவிட்டு, போட்டி நேரத்தில் மட்டும் பொறுப்பேற்றார். 1992இலும் கோப்பை பிட்ஸ்பர்க்கிற்கே கிடைத்தது. அடுத்த பருவத்தில் அவ்வணி தொடர்ந்து 17 ஆட்டங்களை வென்று புதிய சாதனை படைத்தது. அதே பருவத்தின் இறுதிக்கட்டத்தில், வலிமை குன்றியதாகக் கருதப்பட்ட ஐலண்டர்ஸ் அணியிடம் தோற்று வெளியேறியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

டெட்ராய்ட்டும் ஐந்து ரஷ்யர்களும்

1993இல் போமன் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணிக்கு வந்தபோது, அந்நகரம் கோப்பையைக் கண்டு 38 ஆண்டுகள் ஆகியிருந்தன. அணித்தலைவர் ஸ்டீவ் ஐசர்மன் ஒரே பருவத்தில் 65 கோல்களுடன் 155 புள்ளிகள் குவித்தவர், நகரத்தின் செல்லப்பிள்ளை. கோல் அடிப்பதைக் குறைத்துக்கொண்டு தடுப்பாட்டத்திலும் பங்கேற்குமாறு போமன் அவரிடம் கேட்டார். ஒரு நட்சத்திர வீரரிடம் இதனைவிடக் கடினமான வேண்டுகோள் வேறில்லை. அவரை வேறு அணிக்கு மாற்றிவிடுவார்கள் என்ற பேச்சுகூட எழுந்தது. ஐசர்மன் தங்கினார்; தம் ஆட்டத்தையும் மாற்றிக்கொண்டார். பின்னாளில் தடுப்பாட்டத்தில் சிறந்த முன்கள வீரருக்கான விருதையே அவர் பெற்றார்.

போமனின் மற்றொரு முடிவைப் புரிந்துகொள்ளச் சற்றே பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1975ஆம் ஆண்டின் கடைசி இரவில், சோவியத் நாட்டின் செஞ்சேனை அணியோடு கனடியன்ஸ் ஆடியது. வட்டைக் காவலரை நோக்கிக் கனடியர்கள் 38 முறை அடித்தனர். சோவியத் வீரர்கள் அடித்தது 13 முறையே. ஆட்டமோ 3–3 எனச் சமனில் முடிந்தது. 1981இல் கனடா கோப்பையின் இறுதிப் போட்டியில் போமன் பயிற்றுவித்த கனடா அணி, சோவியத் அணியிடம் 8–1 என்று படுதோல்வி அடைந்தது. வட்டை முன்னே எறிந்துவிட்டுத் துரத்துவது கனடிய வழக்கம். சோவியத் வீரர்களோ வட்டைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, வழி திறக்கும்வரை பின்னோக்கிக்கூட நகர்ந்தனர். தோற்றவர் அதனை மறக்கவில்லை.

சோவியத் ஒன்றியம் தளர்ந்து, அந்நாட்டு வீரர்கள் வட அமெரிக்காவிற்கு வரத் தொடங்கிய பின்னரும் அவர்களை மென்மையானவர்கள் என்று பலர் இகழ்ந்தனர். டெட்ராய்ட்டில் செர்கெய் ஃபெடரொவ், வியாச்செஸ்லாவ் கஸ்லொவ், விளாதிமிர் கான்ஸ்டன்டினொவ் ஆகிய மூவர் ஏற்கெனவே இருந்தனர். 1981இல் தம்மைத் தோற்கடித்த அணியில் ஆடிய வியாச்செஸ்லாவ் ஃபெடிசொவ், இகோர் லாரியோனொவ் ஆகிய இருவரும் 1995இல் வந்து சேர்ந்தனர். ஃபெடிசொவுக்கு வயது 37. செயின்ட் லூயிஸைப் போன்றே இங்கும் போமன் வயதைப் பார்க்கவில்லை. 1995 அக்டோபர் 27ஆம் நாள் கால்கரியில் ஐவரையும் ஒரே குழுவாகக் களமிறக்கினார். டெட்ராய்ட் 3–0 என்று வென்றது. அவர்களுக்கு எப்படி ஆட வேண்டும் என்று அவர் கற்பிக்கவில்லை. அவர்கள் அறிந்தபடி ஆட விட்டார். இருபது ஆண்டுகளுக்கு முன்னிருந்த போமன் இதனைச் செய்திருப்பாரா என்பது ஐயமே.

அப்பருவத்தில் 62 வெற்றிகள் கிடைத்தும் கோப்பை கைகூடவில்லை. மறு ஆண்டு, 1997 ஜூனில், 42 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. 63 வயதுப் பயிற்றுநர் சறுக்குக் காலணிகளை அணிந்து, கோப்பையை ஏந்திப் பனித்தளத்தை வலம் வந்தார். கோப்பையை ஏந்தி வலம் வருவது வீரர்களுக்கே உரிய வழக்கம். இளமையில் வீரராக அதனைச் செய்ய இயலாமற் போன மனிதருக்கு அன்று வாய்த்தது.

மகிழ்ச்சி ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. ஜூன் 13ஆம் நாள் வீரர்கள் பயணம் செய்த வாடகைக் கார் மரத்தில் மோதியது. கான்ஸ்டன்டினொவும் அணியின் உடற்பிடிப்பாளர் செர்கெய் ம்னாத்சகானொவும் தலையில் கடுமையான காயமுற்றனர். கான்ஸ்டன்டினொவின் விளையாட்டு வாழ்க்கை அத்துடன் முடிந்தது. மறு ஆண்டு வாஷிங்டனில் ரெட் விங்ஸ் மீண்டும் கோப்பையை வென்றபோது, அவர் சக்கர நாற்காலியில் பனித்தளத்திற்கு அழைத்து வரப்பட்டார். கோப்பையைப் பெற்றுக்கொண்ட ஐசர்மன் அதனை அவருடைய மடியில் வைத்தார். பயிற்றுநராகப் போமனுக்கு அது எட்டாவது கோப்பை. நண்பகல்களில் ஓரத்தில் அமர்ந்து கவனித்த டோ பிளேக்கின் சாதனையை அன்று அவர் எட்டினார். பிளேக் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே மறைந்திருந்தார்.

விடைபெறல்

2002ஆம் ஆண்டின் டெட்ராய்ட் அணி மூத்தோர் நிறைந்தது. கிறிஸ் செலியோஸுக்கு வயது 40; லாரியோனொவுக்கு 41. கரோலினா ஹரிகேன்ஸுக்கு எதிரான இறுதிச் சுற்றின் மூன்றாம் ஆட்டம் மூன்றாவது கூடுதல் நேரம்வரை நீண்டது. இளைஞர்களே நிற்க இயலாமல் தவித்த அவ்வேளையில், வட்டை அவசரமின்றித் தன்வசம் வைத்திருந்து வெற்றிக் கோலை அடித்தவர் லாரியோனொவ்.

ஜூன் 13 அன்று தொடர் முடிந்தது. ஒன்பதாவது கோப்பை. போமனுக்கு வயது 68. ஓய்வு பெறும் முடிவை அவர் சில மாதங்களுக்கு முன்பே எடுத்திருந்தார். ஆனால் வீரர்களின் கவனம் சிதறக்கூடாது என்று வெளியிடவில்லை. ஆட்டம் முடிந்ததும் மீண்டும் சறுக்குக் காலணிகளை அணிந்து பனித்தளத்தில் இறங்கி, அங்கேயே தம் முடிவைத் தெரிவித்தார். அதுவரை முறையான பருவ ஆட்டங்களில் அவர் பயிற்றுவித்தவை 2,141, வெற்றி 1,244. இறுதிக்கட்டச் சுற்றுகளில் மேலும் 223 வெற்றிகள். நிருவாகியாகவும் ஆலோசகராகவும் பணியாற்றிய அணிகளையும் சேர்த்து, ஸ்டான்லி கோப்பையின் வெற்றியாளர் வரிசையில் பதினான்கு முறை அவர் இடம்பெற்றுள்ளார்.